காத்தை இறக்கு

பெங்களூர்
20-11-1955

சம்பங்கிக்கு,

டிரைவர் தஸ்தகீர் நேற்று கிளட்ச் பிளேட் வாங்கக் கலாசிப்பாளையம் வந்தான். கெம்பம்மா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், தை மாதம் நாள், இந்தத் தடவை பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர நர்ஸம்மா முடிவு செய்துவிட்டார்கள் என்றான். எதில் என்று கேட்டேன். "நம்ம ஜீப்புலதான் சார், அஞ்செட்டீல வேற என்னா இருக்குது?" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். நலம் விசாரித்து நாலு வரி எழுதுவது எனக்கு வராது. கட்டிக்கொண்ட உனக்கு அது தெரியும்.

விஷயம் இதுதான். கெம்பம்மா வீடு ஆற்றுக்கு அக்கரை. ஜீப் மணலில் இறங்கிப் போய் அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி மணலைத் தாண்ட வேண்டும். அதற்கு மேல் தேன்கனிக்கோட்டை வரை மலை ஏற்றம், கல் ரோடு. மணலுக்கு டயர் தளர்வாக இருக்க வேண்டும். கல்லுக்கு டயர் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டும். இதற்கு ஏற்பாடு இல்லாமல் கிளம்பினால் போன தையில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

உடனே எழுது. இப்போது எந்த டயர் ஓடுகிறது? நான் மாட்டிய கட்டை வைத்த மிலிட்டரி டயரா, பழைய டயரா? ஸ்டெப்னி டயர் உயிரோடு இருக்கிறதா? பின் ஸ்பிரிங்கில் பட்டை எத்தனை? காற்று அளக்கிற கருவி உங்களிடம் இல்லை. வயிறு அளக்கிற நாடாவை எடு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் இரும்பு விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அள. நாலு டயரும். கால் அங்குலம் பிசகக் கூடாது. கெம்பம்மாவின் எடை, உயரம் இரண்டும் வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும்.

திம்மராயன்


அஞ்செட்டி பிரசவ நிலையம்
29-11-1955

உங்களுக்கு,

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பத்து மாதம் கழித்து வந்த கடிதத்தில் என் பெயர் ஒரு தடவை, டயர் ஏழு தடவை. எண்ணிப் பார்த்தேன்.

கேட்ட அளவுகள்: முன்னால் இரண்டும் நாலே முக்கால் அங்குலம். பின்னால் வலது நாலரை, இடது நாலே கால். நான் தரையில் குப்புறப் படுத்து நாடா பிடித்ததைப் பார்த்து தஸ்தகீர், "இதுக்கு எத்தினி மாசம் நர்ஸம்மா?" என்றார். நீங்கள் போட்ட கட்டை டயர் நாலும் பிரசவ நிலையத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. நீங்கள் போன மறுநாளே கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கில் ஏழு பட்டை, ஒன்று விரிசல். ஸ்டெப்னிக்கு உயிர் இருக்கிறது, வயசுதான் ஜாஸ்தி.

கெம்பம்மாவை ராகி மண்டித் தராசில் உட்கார வைத்தோம். தொண்ணூற்றெட்டு ராத்தல். உயரம் நாலு அடி ஏழு அங்குலம். இடுப்பெலும்பு குறுகல். பிள்ளை தானாக வெளியே வர வழியில்லை. கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு இங்கே யாரும் இல்லை. போன தடவையும் இதே கதைதான், ஆற்று மணலில் ஜீப் அச்சு வரை புதைந்து மூன்று மணி நேரம் நின்றது. மாடு பூட்டி இழுத்துக் கரையேற்றும்போது பிள்ளைக்கு மூச்சு இல்லை. என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. மணல் சரியில்லை, ஓட்டினவன் சரியில்லை, இந்தக் காட்டில் உனக்கு என்ன வேலை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் வா. மாட்டேன் என்றேன். ஜீப்பை விட்டுவிட்டுத் தேன்கனிக்கோட்டைக்கு நடந்தே போனீர்கள். கல்யாணமாகி அப்போது ஏழு மாதம்.

நானும் ஒரு அளவு கேட்கிறேன். தஸ்தகீர் அந்த மணலில் நூறு தடவை போய் வந்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் ஏன் புதைந்தது?

இன்னொன்று. ஐம்பது வயசு மனுஷரை 'வந்தான் போனான்' என்று எழுதாதீர்கள். உங்கள் இருமல் நின்றதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

சம்பங்கி


பெங்களூர்
5-12-1955

சம்பங்கிக்கு,

இருமல் நின்றுவிட்டது.

பழைய வழுக்கை டயரே இருக்கட்டும். கட்டை டயர் சேற்றுக்கு நல்லது, மணலைத் தோண்டும். மாற்றியது சரிதான்.

பார்சல் ஒன்று தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வருகிறது. அதில் இருப்பது: பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை (விரிசல் விட்டதைத் தூக்கிப் போடச் சொல்), பேனா மாதிரி ஒரு காற்றளவி, ஒரு லாரி டியூப், ஒரு பிளக் பம்பு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இஞ்சினில் நாலு பிளக் இருக்கிறது. ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் இந்தப் பம்பைத் திருகு. இஞ்சின் மூன்று சிலிண்டரில் ஓடும், நாலாவது டயருக்குக் காற்று அடிக்கும். பெட்ரோல் வாடை கலக்காது, சுத்தக் காற்று. கைப்பம்பில் நாலு சக்கரத்துக்கு முக்கால் மணி ஆகும், இதில் பத்து நிமிஷம். வலியில் இருக்கிறவளை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் யாரால் நிற்க முடியும்?

மணலில் இறங்கும் முன் நாலிலும் பதினாலு ராத்தல் காற்றுதான். நாடாவில் மூன்றே முக்கால் அங்குலம் வரும். டயர் வயிறு தள்ளி அசிங்கமாகத்தான் தெரியும், பயப்படாதே. வேகமும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். இரண்டாவது தடவை மணல் தாண்டியதும் பம்பை மாட்டி முன்னால் இருபத்தாறு, பின்னால் இருபத்தெட்டு. மறந்துபோய்ப் பதினாலோடு கல்லில் ஏறினால் டியூப் வெட்டிப் போகும்.

டிரைவர் பக்கத்து சீட்டைக் கழற்றிவிடு. பின்னாலிருந்து முன்வரை ஒரு பலகை போட்டால் நாலு அடி ஏழு அங்குலம் தாராளமாகப் படுக்கும். பலகைக்கு மேல் லாரி டியூப், பாதிக் காற்றோடு. அதற்கு மேல் ஜமக்காளம். குலுக்கலை டியூப் குடித்துவிடும். நானே அதில் படுத்து எங்கள் ஒர்க் ஷாப் லாரியில் யெலஹங்கா வரை போய்ப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தை பிறப்பதற்குள் அவளை இங்கே கொண்டுவந்துவிடு. என் அறையில் தங்கலாம். கட்டில் ஒன்றுதான். நான் ஒர்க் ஷாப்பில் படுத்துக்கொள்வேன். கோரைப்பாய் ஒன்றும் இருக்கிறது, போன வருஷம் நீ வருவாய் என்று வாங்கியது.

முதலாளி என்னை ஓசூருக்கு அனுப்பப் பார்க்கிறார். அபிவிருத்தித் திட்டத்து ஜீப்புகள் ஆறு இருக்கின்றனவாம், பார்க்க ஆள் இல்லையாம். ஊர் ஊராகப் போகிற கிராமசேவக்குகளின் பிரேக்கைச் சரி பண்ண நான் எல்.ஏ.இ. மோட்டார் இஞ்சினியரிங் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தஸ்தகீருக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு யாராவது படித்துக் காட்டத்தானே வேண்டும்? அதனால் புத்தகத் தமிழ் இல்லாமல் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். என் கடிதம் மனுஷனுக்குப் புரிவதில்லை என்பாயே, இது புரியும்.

நீ கேட்ட அளவுக்கு இப்போது நேரமில்லை.

திம்மராயன்


அஞ்செட்டி
14-12-1955

உங்களுக்கு,

கார்டு புரிந்தது. ஊருக்கே புரிந்துவிட்டது.

சந்தை அன்றைக்குத் தபால்காரர் ஆஞ்சப்பன் டீக்கடையில் வைத்து அதை உரக்கப் படித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் உப்பு வாங்க வந்த மங்கம்மாவும் ஒருத்தி. மங்கம்மா யார் என்று மறந்திருக்க மாட்டீர்கள், கெம்பம்மாவின் மாமியார். நீங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்துலயும் காத்தை எறக்கணும். காத்தோட போனா போன தடவ மாதிரிதான் ஆவும். எறக்காம பொம்பளையை ஏத்தாதே."

இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். பெங்களூர் போய் மூன்று வருஷத்தில் மறந்துவிட்டதா? இங்கே ஒருத்திக்குப் பேய் பிடித்தால் காத்து பட்டிருக்கிறது என்பார்கள். பூசாரி வைத்து ஓட்டுவதற்குப் பெயர் காத்து எறக்கறது. தமிழில் மட்டுமல்ல, கன்னடம் பேசுகிற வீட்டிலும் தெலுங்கு பேசுகிற வீட்டிலும் இதே கதைதான்.

மங்கம்மா உப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாளாம். "பாத்தீங்களா! அந்த வண்டீல காத்து இருக்குதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க? இப்ப டயரைக் கொண்டாந்த இஞ்சினீரே எழுதிட்டாரு!"

"அய்ய, இது டயருக்குள்ள இருக்கிற காத்து, மங்கம்மா" என்றிருக்கிறார் தஸ்தகீர்.

"டயருக்குள்ள பூந்துக்கிட்டா மட்டும் அது காத்து இல்லியா?"

தஸ்தகீர் வந்து என்னிடம் இதை அப்படியே சொன்னார்.

மறுநாள் பூசாரி வந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானட்டுக்குக் குங்குமம், ஒரு சேவல். தஸ்தகீர் வண்டியை விட்டு நகர மாட்டேன் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் அஞ்சு வேளை தொழுவறவன் நர்ஸம்மா, எனக்கும் சேத்து வேப்பிலை அடிச்சுட்டாங்கோ" என்று வந்து நின்றார், தோளெல்லாம் இலை. சிரித்துவிட்டேன். பத்து மாதத்தில் இப்போதுதான் சிரித்தேன் என்று அவர் சொன்னார்.

சிரிப்பு அத்தோடு போயிற்று. இது நான் வெரட்டினா போகாது, ஏத்தினவன் வந்து எறக்கினாத்தான் எறங்கும் என்று பூசாரி கையை விரித்துவிட்டார். அது இறங்காமல் கெம்பம்மா வண்டியில் ஏற மாட்டாள், பிரசவம் வீட்டோடுதான் என்று மங்கம்மா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். வீட்டோடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன தடவை பிள்ளை மட்டும் போயிற்று. இந்தத் தடவை கெம்பம்மாவும். அவளுக்கு வயசு பத்தொன்பது. எதிரே உட்கார்ந்துகொண்டு, "ஏன்க்கா, டவுன் ஆஸ்பத்திரில மெத்தை வெள்ளையா இருக்குமா?" என்று கேட்கிறாள்.

பார்சல் வந்தது. பம்பு நன்றாக வேலை செய்கிறது. ஏற இருக்கிறவள்தான் இல்லை.

ஏத்தினவன் யார் என்று ஊரே கேட்கிறது. போன கடிதத்தில் நானும் அதையேதான் கேட்டேன், வேறு வார்த்தையில்.

சம்பங்கி


பெங்களூர்
18-12-1955

சம்பங்கி,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் மங்கம்மாவை முட்டாள் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் பூசாரியை. மூன்றாவது முட்டாளைப் பற்றி இதில் எழுதுகிறேன்.

அன்று காலை கட்டை டயரை மாட்டி நாலிலும் முப்பத்தைந்து ராத்தல் காற்று அடித்தவன் நான். போகும்போது வெறும் வண்டி, எப்படியோ தாண்டிவிட்டது. கெம்பம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அக்கரையில் தஸ்தகீர் பாய் வண்டியை நிறுத்தினார். "சார், காத்து கொஞ்சம் எறக்கிக்கலாம். நான் எப்பவும் இங்க எறக்கிட்டுத்தான் போவேன்" என்றார். புது டயர், புத்தகத்தில் முப்பத்தைந்து போட்டிருக்கிறது, படிச்சவன் நானா நீயா என்று கேட்டேன். அவர் கியர் போட்டார். இருபது கஜம் போவதற்குள் புதைந்துவிட்டது.

நீ பின்னால் கெம்பம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். இஞ்சின் சத்தத்தில் உனக்கு இது எதுவும் கேட்டிருக்காது. மறுநாள் உன் எதிரிலேயே ஓட்டினவன் சரியில்லை என்று சொன்னேன். அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் போன பிறகாவது உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவே இல்லை என்பது உன் முதல் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் முப்பத்தைந்து என்று போட்டிருப்பது நல்ல ரோட்டுக்கு. மணலில் குறைத்துக்கொள் என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெங்களூர் திரும்பி வந்த பிறகுதான் புரட்டினேன். பத்து மாதம் நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். கோபம் தேன்கனிக்கோட்டை போவதற்குள் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்தவன் உனக்கு என்னவென்று எழுதுவான்?

ஆகவே மங்கம்மா சொல்வது சரி. அந்த வண்டியில் காத்து இருந்தது. ஏற்றியவன் நான்.

ஜனவரி பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆற்றங்கரைக்கு வருகிறேன். அதற்கு முன் லீவு இல்லை. பூசாரி, சேவல் என்ன வேண்டுமானாலும் வரட்டும். என் கையால் நாலு வால்வையும் திறக்கிறேன். அவளிடம் சொல்.

திம்மராயன்


அஞ்செட்டி
26-12-1955

உங்களுக்கு,

அன்றைக்கு வாசலில் நின்று நான் உங்களிடம் கேட்டது பெங்களூரையும் அல்ல, அஞ்செட்டியையும் அல்ல. இந்த ஒரு பக்கத்தைத்தான்.

தஸ்தகீரிடம் படித்துக் காட்டினேன். "வுடுங்கம்மா. படிச்ச புள்ள, தாங்கமாட்டாருன்னுதான் நான் வாயத் தொறக்கல" என்றார். அப்புறம், "சாரு என்னைப் பாயின்னா எழுதியிருக்காரு? அந்த எடத்தை இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. அன்று கெம்பம்மாவுக்கு விடிகாலையே வலி வந்துவிட்டது. உடனே கிளம்பச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் டயர் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். முகத்தில் கிரீஸ், அவ்வளவு சந்தோஷம். எனக்காக வண்டியைச் சரி செய்கிற மனுஷனை யாருக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றாது? இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பிரசவம், நேரம் இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முப்பத்தைந்து ராத்தலோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கம்மா ஒப்புக்கொண்டாள். "ஏத்தினவன் வர்றேன்னுட்டானா? அப்ப ஆம்பளதான்" என்றாள். பத்தாம் தேதி காத்து இறங்கினால் அன்றே கெம்பம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.

வாருங்கள். மலையில் குளிர் அதிகம், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வாருங்கள். இருமல் நின்றுவிட்டது என்று ஒரே வரியில் எழுதினால் நான் நம்பிவிடுவேனா?

சம்பங்கி


அஞ்செட்டி
10-1-1956

சம்பங்கி,

ஆஞ்சப்பனிடம் நீ விட்டுப்போன சாவியை வாங்கி, உன் மேஜையில் உட்கார்ந்து உன் பேனாவால் எழுதுகிறேன். நீ என் அறையில் இருப்பாய் என்ற நம்பிக்கையில் என் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நேற்று நடுப்பகல் பஸ்ஸில் கிளம்பினேன். மத்திகிரி தாண்டி எதிரே ஒரு ஜீப் போனது. புழுதியில் ஆள் தெரியவில்லை. என் பழக்கம், சக்கரத்தைத்தான் பார்த்தேன். மற்ற மூன்றும் சரி, பின் இடது மட்டும் கொஞ்சம் தளர்ச்சி என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். இன்று காலை கரி லாரியில் இங்கே வந்து இறங்கி, பிரசவ நிலையத்தில் பூட்டைப் பார்த்த பிறகுதான் அது யார் என்று புரிந்தது.

நேராக ஆற்றுக்குப் போனேன். நேற்று காலையே வலி எடுத்துவிட்டது, எனக்காகக் காத்திருக்கவில்லை என்று வழியில் சொன்னார்கள். காத்திருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன்.

மணலில் இரண்டு தடம். ஒன்று போனது, ஒன்று வந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அகலமான தடம், விரல் ஆழம்கூட இல்லை. போன வருஷம் நாம் புதைந்த இடத்திலும் தடம் தடுமாறவில்லை, நேரே போகிறது, ஏதோ கோலத்துக்கு இழுத்த கோடு மாதிரி. மூன்றே முக்கால் அங்குலத்துக்கு வைத்திருக்கிறாய். தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு யார் எழுதிய கடிதத்தையும் இவ்வளவு நன்றாகப் படித்ததாக ஞாபகம் இல்லை.

கரையில் எலுமிச்சம்பழம் நாலு நசுங்கிக் கிடந்தன. பக்கத்தில் மங்கம்மா நின்றிருந்தாள். நான் யார் என்று சொன்னேன்.

"ஏத்தினவரா? இப்ப வந்து என்னா பண்றது? உன் கடுதாசியே வந்து எறக்கிட்டுப் போயிடுச்சு."

அவள் சொன்னதை எழுதுகிறேன். "புள்ளைக்கு வலி எடுத்துடுச்சு. ஏத்தினவன் வராம ஏத்தமாட்டேன்னு நான் இக்கரைக்கு வந்து குறுக்க நிக்கறேன். நர்ஸம்மா என்னைத் திட்டல. ரவிக்கையில இருந்து கடுதாசியை எடுத்தா. இது அவரு கையெழுத்து, அவரு வாயின்னு வச்சுக்கோன்னா. ஒரு சக்கரத்துக்கு ஒரு தடவ, நாலு தடவ படிச்சா. படிச்சவன் நானா நீயான்னு கேட்டியாமே, அந்த எடம் வரும்போதெல்லாம் பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஏத்தினவன் நான்னு முடிச்சுட்டு ஒரு முள்ளை அமுக்கினா பாரு, உஸ்ஸுன்னு! அப்பா, என்னா சத்தம்! எத்தினி நாளா உள்ள கெடந்துச்சோ! நாலு சக்கரமும் உஸ்ஸுன்னு அழுவுது, வண்டி அப்படியே கீழ உக்காருது. நான் கும்புட்டுட்டேன். போயி கெம்பியை ஏத்திக்கோன்னுட்டேன்."

அது வெறும் டயர் காற்று என்று நான் விளக்கப் போகவில்லை. அவள் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

நான் உனக்கு மட்டும் எழுதியதை ஊர் நடுவில் நாலு தடவை படித்திருக்கிறாய். நல்ல காரியம் செய்தாய்.

பிள்ளை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கெம்பம்மா என்ன ஆனாள் என்று தெரியாது. மணல் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கல் ரோடு, தடம் இல்லை. உடனே எழுது. நான் இங்கேயே இருக்கிறேன். ஓசூர் ஜீப் வேலைக்குச் சம்மதம் என்று முதலாளிக்கும் இந்தத் தபாலிலேயே எழுதிவிட்டேன். ஓசூரிலிருந்து இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை வந்துவிடலாம். நீ வேலையை விட வேண்டாம். அன்றைக்கு விடச் சொன்னவனும் நான்தான்.

திம்மராயன்


பெங்களூர்
14-1-1956

அன்புள்ள இஞ்சினியருக்கு,

பெண். ஆறு ராத்தல். கெம்பம்மா நன்றாக இருக்கிறாள். மெத்தை வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள், உங்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை.

திங்கள் சாயங்காலம் நாலரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். ஆறு மணிக்குள் அறுத்து எடுத்துவிட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அஞ்செட்டி என்றேன். எதில் என்றார். தஸ்தகீர் முந்திக்கொண்டு, "காத்துல வந்தோம்மா" என்றார். ஏற்றத்தில் டியூப் மேல் கெம்பம்மா தூங்கவே தூங்கினாள். யெலஹங்கா வரை நீங்கள் படுத்துப் போனதைச் சொன்னேன். வலியிலும் சிரித்தாள்.

பின் இடது தளர்ச்சி இல்லை. அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அறையில் கட்டில் மேல் பாய் இருக்கிறது. கடைக்காரன் கட்டிய கயிறுகூட அவிழ்க்கவில்லை. நேற்றுத்தான் அவிழ்த்தேன். புதுக் கோரை வாசனை ஒரு வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். இப்போது ஒரு கணக்கு. வண்டியில் தஸ்தகீர், கெம்பம்மா, ஆறு ராத்தல் ஒன்று, நான். இங்கே உங்கள் தகரப்பெட்டி, ஸ்பானர் பெட்டி, புத்தகங்கள், இந்தப் பாய். இவற்றையும் ஏற்றுவதா? எடை தெரியாமல் காற்று சொல்ல முடியாது என்பீர்கள். ஏற்றுவதா இல்லையா என்று தெரியாமல் நான் எடை சொல்ல முடியாது. ஓசூரில் இறக்க வேண்டியது எது, அஞ்செட்டி வரை வர வேண்டியது எது, அதையும் எழுதுங்கள்.

சம்பங்கி


அஞ்செட்டி
17-1-1956

சம்பங்கிக்கு,

முன்னால் இருபத்தாறு. பின்னால் முப்பது. எல்லாவற்றையும் ஏற்றித்தான் சொல்கிறேன். தகரப்பெட்டியும் ஸ்பானரும் ஓசூரில் இறக்கு. புத்தகங்களில் நான் பக்கம் மடித்து வைத்த ஒன்று இருக்கும், அது இங்கே வரட்டும். பாய் இங்கே வரட்டும்.

சக்கரத்தில் கை வைக்காமல் நேரே ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். அங்கே நிற்பேன். தஸ்தகீர் பாய் எவ்வளவு என்று சொல்லட்டும், நான் இறக்குகிறேன்.

எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வைத்துவிட்டேன்.

திம்மராயன்